தொள்ளாயிரம் வாட்டும் ஒரு கட்டிலடிப் பானையும்

பினாகான் துறைமுகத்தில் புரிங்கைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். அவர் எதிரில் இருக்கும்போது, இப்படிக் கணக்கான பெண்மணி மின்டோரோத் தீவிலேயே கிடையாது என்பார்கள். அவர் போன பிறகும் அதையேதான் சொல்வார்கள். குரல் மட்டும் மாறும்.

முழுப்பெயர் புரிஃபிகாசியோன். அதை முழுதாகச் சொன்னவர் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒருவர்தான். அதற்குப் பிறகு யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஊர் அவரை ஆத்தே புரிங் என்றது. ஆத்தே என்றால் அக்கா. ஐம்பத்து நான்கு வயதில், பிள்ளைகள் எல்லாம் மணிலாவுக்கும் அதற்கப்பாலும் போய்விட்ட பின்னும், தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். அது மரியாதை இல்லை, பயம்.

அவருடைய கெட்ட பெயர் திருவிழாவில் தொடங்கியது. மே மாதம், உழவர்களின் புனிதரான சான் இசித்ரோவின் திருநாளன்று எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் எந்த வீட்டிலும் நுழைந்து சாப்பிடலாம். அழைக்கப்பட்ட ஒருவர் நான்கு பேரோடு வருவார். அந்த நால்வரில் ஒருவருக்கு வாசலில் ஒரு மைத்துனன் அகப்படுவான். சாப்பிட்டு முடித்ததும் கால்தெரேத்தா கறியில் கொஞ்சம் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு போவதுதான் நாகரிகம். கட்டாமல் போனால், சமையலில் என்ன குறை கண்டாய் என்று வீட்டுக்காரி கேட்பாள்.

புரிங் வீட்டில் கட்டிக்கொண்டு போக எதுவும் இருந்ததில்லை. இருபது பேரை அழைத்தால் இருபது பேருக்குச் சமைப்பார். பதினெட்டுப் பேர் வந்தால் மீதி இருவரைத் தெருவில் போய்த் தேடிப் பிடித்து வருவார். ஒரு வருடம் பாதிரியார் தன் டிரைவரோடு வந்துவிட்டார். பாதிரியார் சாப்பிட்டார். டிரைவருக்கு வாழைப்பழம் கிடைத்தது. இந்தக் கதையை யாராவது சொன்னால் புரிங் குறுக்கிட்டு, "ரெண்டு வாழப்பழம்" என்று திருத்துவார். அது தன்னைக் காப்பாற்றும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

மற்ற வீடுகளில் வேறு ஏற்பாடு. திருநாள் காலையில் முதல் விருந்தாளி வருவதற்கு முன், வீட்டுக்காரி நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒரு சின்னப் பானையில் போட்டு மூடி, படுக்கையறைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். வெளியே ஊரே வந்து வழித்துவிட்டுப் போனாலும் வீட்டு மனிதர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். அந்தப் பானை இல்லாத வீடு பினாகானில் கிடையாது; அது இருப்பதாக ஒப்புக்கொள்ளும் வீடும் கிடையாது. புரிங் இதைத் திருட்டு என்பார். "சரியா சமைச்சா எதையும் ஒளிக்க வேண்டியதில்ல" என்பது அவர் கட்சி. கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

இப்படிப்பட்டவர் கையில் யுபிஎஸ் வாங்கும் பொறுப்பு வந்து விழுந்தது.

அக்கரையில் இருக்கும் பதாங்காஸுக்குக் கப்பல் விடும் ஒரு கம்பெனியின் டிக்கெட் அலுவலகம் அது. புரிங் தலைமை. முதல் ஜன்னலில் டிக்கெட் கிழிக்கும் ஹாதி, வாசல் காவலர் மாங் அம்போ, சரக்குப் பட்டியல் எழுதும் நான். மொத்தம் நாலு பேர். மற்ற இரண்டு ஜன்னல்களில் கூட்ட நாட்களில் புரிங்கும் நானும் உட்காருவோம். பின்னால் ஒரு சின்ன அறையில் சர்வர் இருந்தது. முன்பு மீனுக்கு ஐஸ் வைத்திருந்த அறை. சர்வர் ஓடினால்தான் டிக்கெட் அச்சாகும், பயணிகள் பட்டியல் வரும். பட்டியல் இல்லாமல் துறைமுகக் காவலர்கள் ஒரு கப்பலையும் அசைய விட மாட்டார்கள். ஆக, முந்நூறு பேரும் நாற்பது பன்றியும் ஏறிய ஒரு கப்பல், ஐஸ் அறையில் இருந்த ஒரு பெட்டியை நம்பி நின்றது.

எங்கள் தீவில் கரண்ட் என்பது மாமியார் வீட்டு உபசாரம் மாதிரி. எப்போது நிற்கும் என்று தெரியாது, நின்றால் காரணம் கேட்கவும் முடியாது. கொல்லையில் ஜெனரேட்டர் உண்டு. அதைக் கிளப்புவது மாங் அம்போவின் வேலை. கரண்ட் போனதும் அவர் முதலில் தெருவுக்குப் போய் எதிர் மருந்துக்கடையிலும் இருட்டுதானா என்று பார்ப்பார். இருட்டுதான் என்றால் மருந்துக்கடைக்காரரோடு அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு காபியை முடிப்பார். பிறகு சாவி தேடுவார். இத்தனையும் நடந்து ஜெனரேட்டர் உறுமும் வரைக்கும் சர்வரைத் தூங்கவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் யுபிஎஸ்ஸின் உத்தியோகம்.

பழைய யுபிஎஸ் உப்புக்காற்றில் செத்துப்போனது. முதலாளியின் மகன்தான் எங்கள் மேனேஜர். நாற்பத்தொரு வயதிலும் சார் போபோய் என்றே அழைக்கப்பட்டவர். அவர் புரிங்கிடம், "நீங்களே பாத்து வாங்கிடுங்க, ஆத்தே. உங்க அளவுக்கு எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிவிட்டுச் சேவல் சண்டைக்குப் போய்விட்டார். அங்கேயும் அவருக்குக் கணக்கு வந்ததில்லை.

புரிங் ஒவ்வொரு மெஷினாகத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். சர்வர், நெட்வொர்க் பெட்டிகள், மூன்று கம்ப்யூட்டர், மூன்று டிக்கெட் பிரிண்டர், கேமரா. கூட்டினார். பிறகு பான்யோங்கின் கடைக்குப் போனார். பான்யோங் மின்சாமான் வியாபாரி, பேட்டரி வைத்தியர், கோவில் வாத்தியக் குழுவில் டிரம் அடிப்பவர்.

"மொத்தம் எவ்ளோ வருது, ஆத்தே?"

"எண்ணூத்தி எண்பத்தஞ்சு வாட்."

"அப்ப இந்தப் பெருச எடுத்துக்குங்க. மூணுல ஒரு பங்கு சும்மா கெடக்கணும். மெஷினும் மூச்சு விடணும்ல."

"அது மூச்சு விடறதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?"

"நாளைக்கே இன்னொரு கம்ப்யூட்டர் வந்துச்சுன்னா?"

"வராது. வாங்குறவ நாந்தான்."

"பேட்டரிக்கு வயசாகும். இந்த வெக்கையில சீக்கிரமே ஆகும். வயசான பேட்டரி அவ்ளோ தூக்காது."

"ஆகட்டும். ஆனப்புறம் மாத்திக்கறேன். இப்பவே ஏன் கெழவனுக்கு சேத்து வாங்கணும்?"

"அழைக்காம வர்றது ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும், ஆத்தே."

"எங்க வீட்டுக்கு வர்றதில்ல."

"அது ஊருக்கே தெரியும்" என்றார் பான்யோங்.

புரிங் தொள்ளாயிரம் வாட் தூக்கும் ஒன்றை வாங்கினார். மீதி பதினைந்து வாட். அந்தப் பதினைந்தும் அவருக்கு உறுத்தியது. பத்து வாட்டில் ஒரு மேஜை விளக்கு வாங்கி அதில் மாட்டி ஓரளவு சமாதானமானார்.

புனித வாரத்து வியாழக்கிழமை அது விழுந்தது. பாதி பதாங்காஸ் இந்தக் கரையிலும் மீதி பாதி அந்தக் கரையிலும் ஏற நின்ற நேரம். கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரே ஒரு தடவை வீறிட்டது, அடங்கியது. அதோடு சர்வர், ஜன்னல்கள், எல்லாம். மாங் அம்போ அப்போது மருந்துக்கடைக்காரரை எட்டியிருக்கவே இல்லை. ஜெனரேட்டர் வந்த பின்னும், திடீரென்று உயிர் போன சர்வர் தன் கோப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் எழுந்தது. அதுவரை கப்பல் நின்றது. வரிசையில் நின்றவர்கள் கிறிஸ்துவின் பாடுகளை மறந்து தங்கள் பாடுகளைப் பேசினார்கள். ஒருவர் கையில் வைத்திருந்த சேவலும் அபிப்பிராயம் சொன்னது.

புரிங் மண்டியிட்டு வயர்களைத் தொடர்ந்து போனார். கரண்ட் போனாலும் வெளிச்சம் போகாத பிளக் பாயிண்ட் ஒன்று அலுவலகத்துக்கு வந்திருக்கிறது என்பது, அது வந்த அன்றே துறைமுகம் முழுக்கத் தெரிந்திருந்தது. மாங் அம்போவின் மின்விசிறி அதில் இருந்தது. ஹாதியின் ரைஸ் குக்கர் இருந்தது. சுமை தூக்குவோர் சங்கத்தின் போன்கள் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பன்றிக்குட்டிகள் மாதிரி வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன. வரிசையின் கடைசி வயர் சுவரேறிப் போய், மேலே பலகையில் நின்ற குழந்தை இயேசு சிலையின் தலைக்குப் பின்னால் சுழலும் வண்ண ஒளிவட்டத்தில் முடிந்தது. கரண்ட் இருந்தவரை யுபிஎஸ் இத்தனையையும் வாங்கிக் கடத்திவிட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. தானே சுமக்க வேண்டி வந்ததும் கீழே போட்டுவிட்டது.

மாலையில் சார் போபோய் வந்தார். முதலில் பெட்டியைப் பார்த்தார்.

"ஆத்தே, இதுல ஆயிரத்தைநூறுன்னு பெருசா போட்டிருக்கு. நீங்க தொள்ளாயிரம்ன்றீங்க. மீதி எங்க போச்சு?"

"அது விஏ, சார், வேற அளவு. வாட் தொள்ளாயிரந்தான். பின்பக்கம் சின்னதா போட்டிருக்கான்."

"ஏன் பின்பக்கம் போடறான்?"

"முன்பக்கம் போட்டா நீங்க வாங்க மாட்டீங்க."

சார் போபோய் அதை யோசித்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்தார். "அப்பா சொல்லிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவ விழட்டும், சர்வர் பதாங்காஸ்க்குப் போயிடும். சர்வரே அங்க போயிட்டா இங்க நாலு பேர் எதுக்கு? ஒரு ஜன்னல், ஒரு பொண்ணு போதும். திருவிழாக் கூட்டத்துல என்ன ஆகுதுன்னு பாக்கலாம்."

ஹாதி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதாங்காஸ்லேர்ந்து வர்ற பொண்ணு" என்றார் சார் போபோய். ஹாதி பழையபடி சாய்ந்தாள்.

திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. புரிங் தடையுத்தரவு போட்டார். கணினிக்கு மட்டும் என்று எழுதி ஒட்டினார். விசிறியைப் பிடுங்கினார், குக்கரைப் பிடுங்கினார், போன்களைத் தெருவுக்கு அனுப்பினார். குழந்தை இயேசுவின் முன்னால் சற்று நின்றார், சிலுவை போட்டுக்கொண்டார், பிடுங்கினார்.

மறுநாள் காலை ஒளிவட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

"யாரு மாட்டினது?"

மாங் அம்போ தொப்பியைக் கழற்றி, "அற்புதம்" என்றார்.

அற்புதத்தின் பின்னால் எட்டிப் பார்த்தால், குழந்தை இயேசுவின் வெல்வெட் அங்கிக்குள் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதிலிருந்து விசிறி, குக்கர், போன்கள். கடவுளின் குழந்தையைக் கேடயமாக வைத்துக்கொண்டு துறைமுகம் முழுக்க மின்சாரம் குடித்தது. புரிங் அன்று ஹாதியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குக்கர் எத்தன வாட் இழுக்குதுன்னு தெரியுமாடி உனக்கு?"

"அரிசி எவ்ளோன்னு தெரியும், ஆத்தே. நாலு பேருக்கு. அதுல நீங்களும் ஒரு ஆளு."

"சாதாரண பாயிண்ட்ல வெச்சா என்ன?"

"வெச்சேனே. பாதியில கரண்ட் போயி அரிசி அப்படியே நின்னுச்சு. நீங்கதான் பல்லுல மாட்டுதுன்னு மூஞ்சியச் சுளிச்சீங்க."

"நான் போட்ட கணக்குல குக்கர் இல்ல."

"பாதிரியாரோட டிரைவரும் உங்க கணக்குல இல்ல. வந்தாரா இல்லையா?"

"அவருக்கு ரெண்டு வாழப்பழம் குடுத்தேன்."

"அதேதான், ஆத்தே. அன்னிக்கு உங்க யுபிஎஸ்ஸும் ஊருக்கெல்லாம் வாழப்பழந்தான் குடுத்துச்சு."

நான் சரக்குப் பட்டியலில் தலையைப் புதைத்துக்கொண்டேன். மாங் அம்போ வாசலுக்குப் போய் இல்லாத ஒருவரைத் தடுத்து நிறுத்தினார். புரிங் திட்டவில்லை. சாப்பிடவும் இல்லை. அன்று நாலு பேருக்கு வைத்த சோற்றில் ஒரு பங்கு மீந்தது. அவர் வாழ்க்கையில் அவரைச் சுற்றி ஏதாவது மீந்தது அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்து அவர் பான்யோங்கின் கடை வாசலில் நின்றார்.

"உன் மீட்டர எடுத்துட்டு வா. அழைக்காம வர்றவங்கள எண்ணணும்."

கரண்ட் இருக்கும் ஒரு மத்தியானம் பார்த்து பான்யோங் வந்தார். அதற்கு நாள் குறிக்க முடியாது, உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். தடையுத்தரவு நீக்கப்பட்டது என்று புரிங்கே அறிவித்தார். துறைமுகம் நம்பவில்லை. பிறகு நம்பியது. மீன்காரிகள் வந்தார்கள், டிரைசைக்கிள்காரர்கள் வந்தார்கள், ஒரு பெண்மணி தலைமுடி சுருட்டும் மெஷினோடு வந்தார். பான்யோங் வயரைக் கவ்வும் மீட்டரைப் போட்டுப் பார்த்தார்.

"ஆயிரத்து நானூறத் தாண்டுது. நான் அப்பவே சொன்னேன், பெருசு வாங்குங்கன்னு."

"பெருசு வாங்கினா?"

"எல்லாருக்கும் காணும்."

"காணாது" என்றார் புரிங். "நீ எப்பவும் சாப்பிடற பக்கமே நிக்கறதால உனக்குத் தெரியல. பெரிய பானை வெக்கிற வீட்டுக்குத்தான் பெரிய கூட்டம் வருது. ரெண்டாயிரம் வாங்கினா அந்தத் தலமுடிக்காரி அக்கா தங்கச்சியோட வருவா."

தப்பு செய்த கணக்குக்காரர்தான் என்றாலும் அவர் சொன்னது சரிதான். பான்யோங் மீட்டரைச் சுருட்டினார். புரிங் ஐஸ் அறையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, வாயில் வரக்கூடாத வார்த்தையைச் சொல்பவர் மாதிரி, தாழ்ந்த குரலில், "கட்டிலுக்கடியில" என்றார்.

"என்னது?"

"வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. யார் கண்ணுலயும் படாம. சர்வர், நெட்வொர்க் பெட்டிங்க, மொத ஜன்னல், அதோட பிரிண்டர். நானூத்திப் பத்து. இந்தப் பெட்டிய வெளியவே வெச்சிடு. ஊரு அதத் தின்னு தீக்கட்டும்."

"சரி. உள்ள இருக்குறது எவ்ளோ நேரம் தாங்கணும்?"

புரிங் இதை யோசித்திருக்கவில்லை. எவ்வளவு தூக்கும் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவர், எத்தனை நேரம் தூக்கும் என்று கேட்டதே இல்லை. "ஜெனரேட்டர் வர்ற வரைக்கும்" என்றார்.

"வரலைன்னா?"

"ஏன் வராது?"

"ஆத்தே, இது பினாகான்."

பான்யோங்கிடம் ஒரு பழைய இன்வெர்ட்டர் இருந்தது. பிணப்பெட்டி நிறம். பக்கத்தில் இரண்டு லாரி பேட்டரி. பார்க்க யாருக்கும் பிடிக்காது. ஆயிரம் வாட் தூக்கும். நானூறு மட்டும் ஏற்றினால் மணிக்கணக்கில் இழுக்கும்.

"பாதிக்கு மேல சும்மா கெடக்குமே" என்றார் புரிங். ஒரு சாவு விசாரிக்கும் குரலில் கேட்டார்.

"சும்மா கெடக்குறதுதான் அதோட வேல."

கம்பெனி இனி ஒரு ஆணி வாங்கவும் அனுமதி தராது என்று இருவருக்கும் தெரியும். திருவிழா முடியும்வரை இரவலாகத் தருவதாக பான்யோங் சொன்னார்.

"வாடகை?"

"திருநாளன்னிக்கு உங்க வீட்ல சாப்பாடு."

"எத்தன பேர்?"

"அதக் கேக்கக் கூடாது. அதான் வாடகை."

யுபிஎஸ் வாங்கியதைவிட இதற்கு புரிங் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் தலையை அசைத்தார். அந்த அசைவை எங்கள் ஊர் பல் பிடுங்கும் நாற்காலியில் மட்டுமே பார்த்திருக்கிறது.

இன்வெர்ட்டரை ஐஸ் அறையின் மூலையில் வைத்து, சுற்றிலும் மேலேயும் அட்டைப்பெட்டிகளை அடுக்கினோம். பெட்டிகளில் பழைய ரசீதுகள் என்று எழுதினோம். பினாகானில் எவரும் தானாகப் போய்த் திறக்காத பெட்டி அது ஒன்றுதான்.

திருநாளுக்கு முந்தின மாலை சான் இசித்ரோவின் ஊர்வலம். அந்த வருடம் விழாவின் தலைமைப் பொறுப்பு சார் போபோயுடையது. வெள்ளையாய் மினுங்கும் பாரோங் என்ற விழாச் சட்டை போட்டு, காலையிலிருந்தே ஊர்ப் பெரியவர் நடை நடந்துகொண்டிருந்தார். மத்தியானம், தேரின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் கோவில் ஜெனரேட்டர் கிளம்ப மாட்டேன் என்றது. சார் போபோய் ஒரு கணமும் தயங்கவில்லை. எங்கள் ஜெனரேட்டரைத் தேருக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார். அதைக் கிளப்பத் தெரிந்தவர் மாங் அம்போதான் என்பதால் அவரையும் கூடவே ஏற்றினார்.

"சார், இன்னிக்குக் கூட்டத்துல ஜெனரேட்டர் இல்லாம எப்படி?" என்றார் புரிங்.

"கரண்ட் இருக்கே, ஆத்தே. சாமிக்குத்தான குடுக்குறோம். அவர் பாத்துக்குவார்."

சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊர்வலம் கோவிலை விட்டு இறங்கிய சற்று நேரத்தில் கரண்ட் போனது.

வெளியே வைத்திருந்த பளபள பெட்டி வழக்கம்போல் ஒரு தடவை வீறிட்டுச் செத்தது. குக்கர், விசிறி, போன்கள், குழந்தை இயேசு, நானும் புரிங்கும் இருந்த ஜன்னல்கள், எல்லாம் ஒன்றாகப் போயின. வரிசையில் கடைசிக் கப்பலுக்கு நின்ற கூட்டம் முனகியது. அக்கரையில் இன்னொரு ஊர் விழாவுக்குப் போகவேண்டிய ஒரு பித்தளை வாத்தியக் குழு வரிசையில் இருந்தது. அதன் பெரிய குழல்காரர் இருட்டைப் பார்த்து ஒரு நீண்ட ஓசை எழுப்பினார். மாட்டுக்கு வயிறு சரியில்லாதது மாதிரி இருந்தது.

அதே நேரம் ஊர்வலம் எங்கள் வாசலைக் கடந்தது. முன்னால் நடந்துவந்த சார் போபோய் அலுவலகத்தின் இருட்டைப் பார்த்தார். வரிசையை விட்டு உள்ளே வந்தார். பாரோங் சட்டை மட்டும்தான் தெரிந்தது.

"முடிஞ்சுது, ஆத்தே" என்றது சட்டை. "நான் என்ன பண்றது? அப்பாகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

புரிங் வாய் திறக்குமுன் முதல் ஜன்னலில் பிரிண்டர் கர்ரென்று ஒரு டிக்கெட்டைத் துப்பியது.

"அடுத்தது யாரு?" என்றாள் ஹாதி.

சார் போபோய் அவள் திரையின் வெளிச்சத்தைப் பார்த்தார். செத்துக்கிடந்த பளபள பெட்டியைப் பார்த்தார். "இது எதுல ஓடுது? ஜெனரேட்டரா? சத்தமே காணோம். ஜெனரேட்டர் எங்க?"

நாங்கள் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினோம். ஊரே இருண்டு கிடக்க, சான் இசித்ரோ மட்டும் கலப்பையும் காளையுமாக ஜொலித்துக்கொண்டு போனார். பின்னால் தள்ளுவண்டியில், எங்கள் ஜெனரேட்டரின் மேல் ஒரு கையை வைத்தபடி, மாங் அம்போ உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தினார்.

"வண்டியத் திரும்பக் கூப்பிடுங்க" என்றார் சார் போபோய்.

"நடு ஊர்வலத்துல சாமி வெளக்க அணைக்கச் சொல்றீங்களா, சார்? நீங்கதான் இந்த வருஷத் தலைவர்."

பினாகானில் ஊர்வலத்தை நிறுத்தியவர் யாரும் கிடையாது. வெள்ளம் ஒரு தடவை முயன்று தோற்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாடிச் சுற்றிவர ஊர்வலத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

புரிங் ஐஸ் அறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கப்பல் அதிகாரி ஒருவர் போனோடு வந்து, எங்காவது சொருக இடம் உண்டா என்றார். "எல்லாம் தீந்துபோச்சு, சார்" என்றார் புரிங். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காது சிவந்துவிட்டது. ஆனால் முக்காலியிலிருந்து எழவில்லை. நானும் அவரும் வேலையில்லாமல் இருக்க, ஹாதி ஒற்றை ஜன்னலில் முழு வரிசையையும் ஏற்றி முடித்தாள். பட்டியல் அச்சானது. கப்பல் கிளம்பியது. மேல்தளத்திலிருந்து வாத்தியக் குழு ஏதோ வாசித்தது. இந்தத் தடவை அது இசைதான்.

சார் போபோய் ஊர்வலத்துக்குத் திரும்பவில்லை. உள்ளே வந்து அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். ஒன்றின் மேல் கையை வைத்தார்.

"பழைய ரசீது சூடா இருக்கே, ஆத்தே. முனகுது வேற."

"மே மாசம், சார்" என்றார் புரிங்.

மறுநாள் பான்யோங் வாடகை வசூலிக்க வந்தார். ஒரு ஜீப்னி வண்டி நிறைய ஆட்களோடு வந்தார். கூரை மேலும் ஆட்கள் இருந்தார்கள். எண்ணக்கூடாது என்ற ஒப்பந்தத்தை புரிங் காப்பாற்றினார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கோவிலிலிருந்து அண்டா இரவல் வாங்கிச் சமைத்திருந்தார். கால்தெரேத்தா, பன்சித் நூடுல்ஸ், லெச்சே பிளான் என்ற பால் இனிப்பு இரண்டு தட்டு. புரிங் வீட்டில் கறி மீறி வழிகிறது என்ற செய்தி பரவி, சாப்பிட்டு முடித்தவர்களும் பார்க்க வந்தார்கள், பார்த்ததும் மறுபடி சாப்பிட்டார்கள். முதல் பிளாஸ்டிக் பை கட்டப்பட்டபோது புரிங் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்தாவது பைக்கு அவரே ரப்பர் பேண்ட் கொடுத்தார். பாதிரியாரின் டிரைவர் மூன்று தட்டு சாப்பிட்டு, இரண்டு பை கட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "வாழப்பழம் இல்லையா, ஆத்தே?" என்றார்.

எல்லாம் வழித்து, அண்டாவில் கரண்டி தனியாகக் கிடந்தபோது சார் போபோய் வந்தார். விழாக் குழுவிலிருந்து ஆறு பேர் கூட இருந்தார்கள். புரிங் எழுந்து நின்றார். ஹாதியும் நானும் கூடவே எழுந்தோம். மாங் அம்போ மட்டும் வாயில் இருந்ததை முடித்துவிட்டு எழுந்தார்.

"அப்பாகிட்ட பேசிட்டேன்" என்றார் சார் போபோய். "நேத்து ஊரே இருண்டு கெடந்துச்சு, கப்பல் நேரத்துக்குக் கெளம்புச்சுன்னு சொன்னேன். சர்வர் இங்கயே இருக்கட்டும்னார்."

"நாலு பேரும்?"

"நாலு பேரும்."

"குக்கரும்?" என்றாள் ஹாதி.

"குக்கரும். ஆனா ஜெனரேட்டர் எங்க இருந்துச்சுன்னு நான் அவர்கிட்ட சொல்லல. நீங்களும் சொல்லலைன்னா, அந்தப் பழைய ரசீதப் பத்தி நானும் கேக்க மாட்டேன். பான்யோங்குக்கு என்ன குடுக்கணுமோ கம்பெனி குடுத்துடும்."

பான்யோங் தான் கட்டி வைத்திருந்த கறிப்பையைத் தட்டிக் காட்டினார். வாடகை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"சரி, ஆத்தே" என்று சார் போபோய் கைகளைத் தேய்த்தார். "பசிக்குது. என்ன இருக்கு?"

"எல்லாம் தீந்துபோச்சு, சார்."

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. காது சிவக்கவில்லை. சார் போபோய் காலி அண்டாவைப் பார்த்தார், புரிங்கைப் பார்த்தார், பிறகு படுக்கையறை வாசலில் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்தார். அவரும் இந்த ஊரில் வளர்ந்தவர்.

"கட்டிலுக்கடியில?"

"அது சர்வருக்கு, சார்" என்றார் புரிங்.

சார் போபோய் திரைச்சீலையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.